வெளிவேலைக்கு மேசனைப் பிடிக்க முன்: யாழ்ப்பாணத்து வீட்டுக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

கடந்த பன்னிரண்டு வருடங்களில் மூன்று வீடுகளுக்கு வெளிவேலை செய்வித்திருக்கிறேன். ஒன்று கோண்டாவிலில் நாங்கள் இருக்கும் வீடு. மற்றது, அக்கா கனடாவுக்குப் போகும்போது திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போன சுன்னாகத்து ஓட்டு வீடு. மூன்றாவது, காரைநகரில் கடற்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் சின்னமாமாவின் வீடு. மூன்றிலும் காசு விட்டிருக்கிறேன். இப்போது அயலில் யாரும் மேசன் தேடினால் முதலில் எங்கள் படலையைத் தட்டுகிறார்கள். அவர்கள் இடறும் இடங்கள் நான் இடறிய அதே இடங்கள்தான்.

எல்லாரும் "நல்ல மேசன் ஆரும் தெரியுமோ?" என்ற கேள்வியோடுதான் வருவார்கள். அது ஐந்தாவது படியில் கேட்க வேண்டிய கேள்வி. முன்னுள்ள நான்கையும் விட்டுவிட்டுக் கேட்டால், என்ன வேலை செய்வது என்பதை வருகிற ஆளே முடிவெடுப்பார். எவ்வளவு என்பதையும் அவரே சொல்வார். நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம்.

கூரை, பீலி (கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்), சன்சைட் (யன்னலுக்கு மேல் நீட்டிய கொங்கிறீற்றுத் தட்டு), வெளிப்பூச்சு, பெயின்ற், மதில் ஆகியவற்றின் திருத்த வேலைகளுக்கு இது பொருந்தும். புது வீடு கட்டுவது வேறு கதை.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, ரோர்ச், பென்சில், ஒரு கொப்பி, கைத்தொலைபேசிக் கமெரா, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கும். மழைக்காலம் தொடங்கியபின் கூரையில் ஏறுவது ஆபத்து. சுவர் உள்ளுக்குள் ஈரமாக இருக்கும்போது பூசுவதும் பெயின்ற் அடிப்பதும் வீண். ஆகவே வேலைக்கான காலம் மாசி முதல் ஆவணி வரை.

அதற்குள்ளும் வேறுபாடு உண்டு. வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கும். அந்தக் காற்று பூச்சிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், மயிர்வெடிப்பு விழும். ஓடு மாற்றும் வேலைக்கும் பலத்த காற்று கூடாது. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். "நிக்கிற ஆறு கிழமைக்குள்ள வீட்டை ஒருக்காத் திருத்திப்போட்டுப் போவம்" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மேசன் தேடுவார்கள். கூலி ஏறும், நல்ல ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். நான் தையிலேயே பார்த்து எழுதி, மாசியில் ஆள் பேசி, பங்குனி, சித்திரையில் வேலையை முடிக்கப் பார்ப்பேன்.

சரி, வேலை பங்குனியில். ஆனால் பார்வை மார்கழியில். மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்து வையுங்கள். சித்திரை வெயிலில் நின்று மழை ஒழுக்கைத் தேடுவது கடினம்.

2. தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டுவார்கள், ஆகக் கூடுதலாகக் காசு போவதும் இதனால்தான். சுவரில் கறை தெரிகிறது. கறை தெரிந்த இடத்தைக் கொத்திப் பூசுகிறார்கள். அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே கறை. தண்ணீர் உள்ளே புகுந்த இடம் ஆறடி தள்ளி, கூரையில் இருந்திருக்கும்.

கறை எங்கே இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

சுவரின் மேல் விளிம்பில், கூரையைத் தொடும் இடத்தில் என்றால் ஓடு, முகட்டு ஓட்டுச் சாந்து, அல்லது பீலி. யன்னல் மூலைகளில் என்றால் சன்சைட்டும் சுவரும் சேரும் கோட்டு வெடிப்பு. நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை, வெள்ளையாக உப்புப் பூத்துப் பொருக்கு விடுகிறது என்றால் அது மழைத் தண்ணீரே இல்லை. அத்திவாரத்தால் ஏறும் ஈரம். அதற்குமேல் எத்தனை பெயின்ற் அடித்தாலும் உதிர்ந்துதான் விழும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் என்றால் குழாயைப் பாருங்கள்.

ஓட்டு வீட்டுக்குள் பகலில் அறைக் கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் ஊசிபோல் வரும் இடமெல்லாம் தண்ணீரும் வரும். கைமரத்திலும் அதன்மேல் ஓட்டைத் தாங்கும் சலாகையிலும் கறுத்த தடம் இருந்தால் அது பழைய ஒழுக்கின் பாதை. தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போங்கள். பென்சில் முனையால் மரத்தைக் குத்திப் பாருங்கள். முனை இறங்கினால் கறையானோ உக்கலோ இருக்கிறது. ஓடு மாற்றுவதற்கு முன் மரம் மாற்ற வேண்டும். இதை வேலை தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் கணக்கு இரட்டிப்பாகும், கூரையும் திறந்து கிடக்கும்.

வெளிச்சுவரை விரல் மூட்டால் அல்லது ஒரு மரப்பிடியால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல பூச்சு கெட்டியாகச் சத்தம் போடும். விட்டுப்போன பூச்சு கோறையாகக் கேட்கும். கோறையான பகுதியைப் பென்சிலால் வளைத்துக் கீறி, அளந்து எழுதுங்கள். "முழுச் சுவரையும் கொத்தோணும்" என்று ஒருவர் சொன்னால், கொத்த வேண்டியது 40 சதுர அடிதான் என்று காட்ட அந்தக் கோடு உங்களிடம் இருக்கும்.

வெடிப்புகளுக்கு: மயிர் அளவு வெடிப்பு பூச்சின் குறை, பயம் இல்லை. கல் வரிசையோடு படிக்கட்டுப்போல் ஏறும் வெடிப்பு, விரல் நகம் உள்ளே போகும் வெடிப்பு, சுவரின் இரு பக்கமும் தெரியும் வெடிப்பு ஆகியவை வேறு. அவற்றின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டி ஓடினால் மேசனைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு பொறியியலாளரையோ அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ காசு கொடுத்துக் கூட்டிவந்து காட்டுங்கள். அத்திவாரம் அசையும்போது மேலே பூசுவதால் ஒன்றும் ஆகாது.

சன்சைட்டின் அடிப்பக்கம் துண்டு துண்டாக விழுந்து கம்பி தெரிகிறதா? இரும்பு கறல் பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். காரைநகர் வீட்டில் இதற்கு நான் செய்வித்த முதல் வேலை, விழுந்த இடத்தை வழித்து அழகாகப் பூசியது. கறல் உள்ளே இருந்தபடியே இருந்தது. அடுத்த மார்கழியில் பூச்சோடு இன்னும் ஒரு துண்டும் சேர்ந்து முற்றத்தில் கிடந்தது. காலையில் அந்த இடத்தில் பேரன் விளையாடுவதுண்டு. அன்று மழை, வரவில்லை.

3. வீடு எந்தக் காலத்தது என்று பாருங்கள்

பழைய கல்வீடுகள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டப்பட்டவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதற்குமேல் தடிப்பாகச் சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் நிற்கும். இரண்டு மூன்று மாரியில் பூச்சு தகடு தகடாகக் கழன்றுவரும், சில வேளை கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு.

உங்கள் சுவர் எது என்று தெரிய, பூச்சு விட்ட ஒரு இடத்தில் சாந்தை ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாக, மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சீமெந்து. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்தால் பூசத் தெரிந்த மேசனைத் தேட வேண்டும். அப்படியான கைகள் குறைந்துவிட்டன; கோயில் திருப்பணி வேலைக்குப் போகும் வயதான மேசன்மாரிடம் விசாரியுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற்று என்றால் அதையும் இப்போதே எழுதுங்கள். அதை அறுப்பதும் உடைப்பதும் தூசு கிளப்பும் வேலை. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு, அதன் விளைவு பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

4. வேலைப் பட்டியலை நீங்கள் எழுதுங்கள்

கொப்பியில் ஒரு பக்கம் போதும். இடம், அளவு, என்ன குறை, என்ன செய்ய வேண்டும். இப்படி:

"மேற்குச் சுவர், யன்னலுக்குக் கீழ், 6 அடிக்கு 4 அடி, பூச்சு கோறை. கல் தெரியும்வரை கொத்தி, கழுவி, நனைத்து, 1:5 சாந்தால் (சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு) பூசுவது."

"முன் சன்சைட், 5 அடி நீளம். கறல் பிடித்த கம்பியைச் சுற்றிலும் கொத்தித் திறந்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கறல் தடுப்புப் பூசி, 1:3 சாந்தால் மூடுவது."

"திருத்துவது", "சரிபார்ப்பது", "தேவையானதைச் செய்வது" போன்ற சொற்கள் பட்டியலில் வரக்கூடாது. அவை ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் தரும். உங்களுக்குத் திருத்துவது என்றால் கொத்திப் பூசுவது. அவருக்குத் திருத்துவது என்றால் வெடிப்பில் சீமெந்துப் பால் ஊற்றுவது. இரண்டும் திருத்தந்தான்.

பட்டியல் எழுதிய பின் வரிசைப்படுத்துங்கள்: தண்ணீரைத் தடுக்கும் வேலை முதலில், விழக்கூடியது அடுத்து, அழகு கடைசியில். காசு பாதியில் முடிந்தால் பெயின்ற் நிற்கட்டும். வீட்டுக் கலியாணத்துக்காக முன்பக்கம் பெயின்ற் அடித்து, பீலியை "பிறகு பாப்பம்" என்று விட்ட ஒரு வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. பெயின்ற் அல்பத்தில் மட்டும் இருக்கிறது.

வீதியோர மதிலைப் புதிதாகக் கட்டுவது, கூரையை வெளியே நீட்டுவது என்று பட்டியலில் ஏதும் இருந்தால், ஆள் பேச முன் உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். கட்டி முடித்த மதிலை இடிக்கச் சொன்னால் கொந்தராத்துக்காரர் காசைத் திருப்பித் தரமாட்டார். எல்லை மதில் என்றால் பக்கத்து வீட்டாரோடும் முதலே கதையுங்கள். வேலி வழக்குகளின் ஊர் இது.

5. இப்போது ஆளைத் தேடுங்கள்

குறைந்தது மூன்று பேரைக் கூப்பிட்டு, மூவருக்கும் அதே பட்டியலின் பிரதியைக் கொடுங்கள்.

"நீங்கள் செய்த வேலை ஒண்டு காட்டுங்கோ" என்று கேட்டால் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டுவார்கள். புதுப் பூச்சு எல்லாமே அழகுதான். நீங்கள் கேட்க வேண்டியது: "அண்ணை, ரெண்டு மாரி கண்ட வேலை ஒண்டு காட்டுங்கோ." அங்கே போய் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி: சொன்ன நாளுக்கு வந்தாரா, சொன்ன காசுக்கு முடித்தாரா, பிறகு குறை வந்தபோது கூப்பிட வந்தாரா. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம். குறை வராத வேலை அரிது. கூப்பிட வருகிற ஆள் அதைவிட அரிது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கை. ஓட்டு வேலை தச்சருடையது, பூச்சு மேசனுடையது, பெயின்ற் பெயின்ரருடையது. "எல்லாம் நான் செய்வன்" என்பவரிடம், எதை அவரே செய்வார், எதற்கு வேறு ஆளைக் கொண்டுவருவார் என்று கேளுங்கள். வேறு ஆளைக் கொண்டுவருவதில் பிழை இல்லை, தெரியாமல் இருப்பதுதான் பிழை.

தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் மேசன்மார் இப்போது இருக்கிறார்கள். பெரிய வேலை என்றால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த கொந்தராத்துக்காரரா என்று கேட்கலாம். சின்ன வேலைக்குப் பதிவு இல்லாத நல்ல மேசன்மார் நிறைய. சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் இரண்டு மாரி கண்ட சுவரை நேரே பார்ப்பதற்கு அது ஈடாகாது.

வந்து பார்க்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஏணி கேட்டு மேலே ஏறிப் பார்ப்பவர், சுவரைத் தட்டிப் பார்ப்பவர், உங்கள் பட்டியலில் பிழை கண்டு சொல்பவர் ஆகியோரைக் குறித்து வையுங்கள். முற்றத்தில் நின்றபடி தொகை சொல்பவரை விடுங்கள்.

6. கூலி எந்த முறை என்று முடிவெடுங்கள்

மூன்று முறை உண்டு. நாட்கூலியில் பொருள் உங்களுடையது, நேரமும் உங்களுடையது, வேலை இழுபடும். ஆனால் கொத்தினால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும் வேலைக்கு, அதாவது கறல் கம்பி, உக்கிய மரம் போன்றவற்றுக்கு, இதுதான் நியாயம். ஏனெனில் அளவு முன்கூட்டித் தெரியாது.

கூலிக் கொந்தராத்தில் பொருளை நீங்கள் வாங்கிக் கொடுக்க, சதுர அடிக்கு இவ்வளவென்று கூலி. பூச்சுக்கும் பெயின்றுக்கும் நான் இதையே விரும்புகிறேன். இங்கே ஆபத்து அவசரம்: சீக்கிரம் முடித்தால் அவருக்கு லாபம். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

பொருளோடு முழுக் கொந்தராத்து என்றால் உங்களுக்கு அலைச்சல் இல்லை. ஆனால் எந்தச் சீமெந்து, எந்தப் பெயின்ற், எத்தனை முறை அடிப்பது என்று பெயரோடு எழுதாவிட்டால், ஆக மலிவானதுதான் வரும்.

7. மதிப்பீட்டை எப்படி வாசிப்பது

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசித் தொகையைப் பார்க்காமல் வரிவரியாகப் பாருங்கள். ஒருவர் ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்டும் செலவைச் சேர்த்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். கொத்திய கல்லும் மண்ணும் அள்ளி ஏற்றுவதை அநேகமாக எல்லோரும் விட்டிருப்பார்கள்.

பொருள் அளவைச் சரிபார்க்க ஒரு கணக்கு. அரை அங்குலத் தடிப்பில் 1:5 சாந்துப் பூச்சு என்றால், 100 சதுர அடிக்கு 50 கிலோச் சீமெந்து முக்கால் பையிலிருந்து ஒரு பைவரை போகும். சேதாரம் சேர்த்தே சொல்கிறேன். 600 சதுர அடிச் சுவருக்கு ஆறு பை என்பது சரியான பேச்சு. பதினைந்து பை என்று எழுதியிருந்தால் "எப்பிடிக் கணக்குப் பாத்தனீங்கள்?" என்று கேளுங்கள். சுவர் கோணல், தடிப்பாகப் பூச வேண்டும் என்றால் அவரே காரணம் சொல்வார். காரணம் சொல்லாமல் கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்.

மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. வாகனத்தின் பெட்டியை நாடாவால் அளந்து பாருங்கள். நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி 100ஆல் பிரித்தால் எத்தனை கியூப் என்று தெரியும். அளந்தால் கோபிக்கிற சாரதியிடம் அடுத்த முறை வாங்காதீர்கள்.

ஆகக் குறைந்த தொகையை உடனே பிடிக்காதீர்கள். மற்ற இருவரை விட மிகக் குறைவு என்றால் ஏதோ ஒரு வேலை விடுபட்டிருக்கிறது. அது நடுவில் "இது கணக்கில இல்லை" என்று எழும்பும்.

8. எழுதிக் கையொப்பம் இடுங்கள்

"என்னில நம்பிக்கை இல்லையோ, அக்கா?" என்று கேட்பார்கள். "நம்பிக்கை இருக்கு தம்பி. எனக்கு ஞாபகமறதி" என்று நான் சொல்வேன். சிரித்துக்கொண்டு எழுதுவார்கள்.

தாளில் வேலைப் பட்டியல், மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், காசு எந்தக் கட்டத்தில் எவ்வளவு, பொருள் யார் வாங்குவது, குப்பை யார் அள்ளுவது ஆகியவை இருக்க வேண்டும். மேலதிக வேலை வந்தால் முதலில் விலை பேசி, இந்தத் தாளின் பின்பக்கம் எழுதிய பிறகே தொடங்குவது என்றும் ஒரு வரி. இந்த வரி இல்லாததால் வந்த சண்டைகள்தான் ஆகக் கூட.

பூச்சுக்குத் தண்ணீர் யார் விடுவது என்றும் எழுதுங்கள். மேசன் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் அது மேசன் வேலை என்று இருப்பார். பூச்சு காய்ந்து வெடிக்கும்.

வேலையாள் விழுந்தால் மருந்துச் செலவு யாருடையது என்பதையும் முதலே கதையுங்கள். வாய் கூசும், கதைக்கத்தான் வேண்டும்.

இருவரும் கையொப்பமிட்டு, அடையாள அட்டை இலக்கத்தோடு ஆளுக்கொரு பிரதி. பிணக்கு வந்து மத்தியஸ்த சபைக்குப் போனாலும் கையில் இருக்கப்போவது இந்த ஒற்றைத் தாள்தான்.

9. காசை வேலையின் பின்னால் நடக்க விடுங்கள்

காசு வேலையை முந்தினால் ஆள் வரமாட்டார். நான் கொடுக்கும் முறை: முற்பணம் பத்தில் ஒன்று, கூடினால் ஐந்தில் ஒன்று. கொத்தி முடித்து நான் பார்த்தபின் ஒரு பங்கு, பூச்சு முடிய ஒரு பங்கு, பெயின்ற் முடிய ஒரு பங்கு. கடைசிப் பத்தில் ஒன்று முதல் பெருமழை கழிந்தபின்.

இந்தக் கடைசிப் பங்குக்குச் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களிலும் பிழை இல்லை. சித்திரையில் செய்த வேலைக்கு ஐப்பசிவரை காத்திருக்கக் கூலிக்காரனால் முடியாது. அப்படியானால் கூரை, பீலி வேலைக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். பூச்சுக்காரருக்கு முழுதாகக் கொடுங்கள். எப்படியும் முதல் நாளே பேசிய விடயமாக இருக்க வேண்டும். கடைசி நாளில் "மழை வரட்டும்" என்றால் அது ஏமாற்று.

"அம்மா, சாமான் விலை நாளைக்கு ஏறப்போகுது, முழுக்காசையும் தாங்கோ, வாங்கிப் போடுறன்" என்றால், நீங்களே ஹாட்வெயாருக்குப் போய் வாங்கி, பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

10. பொருளைப் பார்த்து வாங்குங்கள்

மணல். கடல் மணலோ உப்புக் கலந்த மணலோ பூச்சை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும், கம்பியைக் கறலாக்கும். நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். பிறகு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பி, குலுக்கி, மூன்று மணித்தியாலம் வைத்தால் மணலின்மேல் சேறு தனிப் படையாக நிற்கும். அது மணலின் உயரத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். சேறு கூடிய மணலில் சீமெந்து பிடிக்காது.

தண்ணீர். இதை யாரும் யோசிப்பதில்லை. தீவுப்பக்கமும் கரையோரமும் பல கிணறுகள் உவர். உவர் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்றில் கம்பி விரைவில் கறல் பிடிக்கும். குடிக்க உதவாத தண்ணீர் சாந்துக்கும் உதவாது. காரைநகர் வீட்டுச் சன்சைட்டுக்கு இரண்டாம் முறை பௌசரில் தண்ணீர் எடுப்பித்தேன். மேசன் சிரித்தார், நான் விடவில்லை.

சீமெந்து. வேலை தொடங்கும் கிழமைதான் வாங்க வேண்டும். பலகைமேல், சுவரில் படாமல் அடுக்குங்கள். உள்ளே கட்டிபட்டு, விரலால் நசுக்க உடையாதது போனது.

ஓடு. எல்லா ஓடும் ஒன்றோடொன்று பொருந்தாது. கம்பனிக்குக் கம்பனி அளவும் கொக்கியும் மாறும். ஒரு பழைய ஓட்டைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கூரையில் இருந்து இறக்கிய நல்ல ஓடுகளை எறியாமல் கொல்லையில் அடுக்கி வையுங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்தபோது சுன்னாகத்து வீட்டைக் காப்பாற்றியது அப்படி அடுக்கிய முப்பது ஓடுதான்.

பெயின்ற். மூடி உடைக்காத வாளியாக உங்கள் முன்னால் திறக்கட்டும். வெற்று வாளிகளை வேலை முடியும்வரை எண்ணி வையுங்கள். அளவுக்குமேல் தண்ணீர் கலப்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய வித்தை.

11. வேலை நடக்கும் நாட்களில் வரிசை தவறக்கூடாது

மேலிருந்து கீழே. முதலில் கூரையில் சாயும் மாங்கொப்பையும் தென்னோலையையும் வெட்டுங்கள். பிறகு கூரை மரம், ஓடு, முகடு. பிறகு பீலி, சன்சைட், சுவர்ப் பூச்சு, பெயின்ற். கடைசியில் நிலத்து வடிகால். மேலே இருந்து சாந்தும் ஓட்டுத் துண்டும் கீழே விழும். கீழ் வேலையை முதலில் முடித்தால் இரண்டு தரம் செய்ய வேண்டிவரும்.

கூரையை ஒரே நாளில் முழுதாகத் திறக்க விடாதீர்கள். அன்று மூடக்கூடிய அளவே அன்று திறக்க வேண்டும். சித்திரையிலும் பின்னேரம் இடியோடு ஒரு மழை வரும்.

கொத்தி முடிந்ததும், பூச முன், நீங்கள் பார்க்க வேண்டும். எழுத்தில் இதை ஒரு கட்டமாக வைத்ததே இதற்குத்தான். பூசிய பின் உள்ளே கறல் இருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. பார்த்த பின் சுவரைக் கழுவி நனைக்கச் சொல்லுங்கள். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். பூச்சு ஒட்டாமல் மறுபடி கோறையாகும்.

பூசிய மறுநாளில் இருந்து ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர். சோளகக் காலத்தில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். புதுப் பூச்சுக்கு மேல் பெயின்ற் அடிக்க நான்கு கிழமையாவது பொறுக்க வேண்டும். பச்சைச் சீமெந்தின் காரம் பெயின்றைத் தின்னும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். "அண்டைக்கே அடிச்சு முடிச்சிடலாம்" என்கிற பெயின்ரர் அடுத்த வேலைக்கு ஓட வேண்டியவர்.

மின்கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வயர் சாரத்துக்குக் கிட்ட வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இரும்புக் குழாய்ச் சாரம் என்றால் இரட்டைக் கவனம். கிட்ட வந்தால் மின்சாரம் வழங்கும் அலுவலகத்துக்குச் சொல்லாமல் அந்தப் பக்கம் தொடங்க வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். சுத்தியலால் உடைக்கக் கூடாது. வேலையாட்களுக்கு முகமூடி, வீட்டுப் பிள்ளைகளும் முதியவர்களும் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும். உடைந்த துண்டுகளைக் கூட்டி வளவில் பரவாமல் சாக்கில் கட்டுங்கள்.

12. வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால்

"கனடாக் காசு" என்று தெரிந்ததும் விலை ஏறும். அதனால் மதிப்பீடு எடுக்கும்வரை யாருடைய வீடு என்று சொல்லத் தேவையில்லை. காசு அனுப்புபவரும் மேற்பார்வை செய்பவரும் வேறுவேறு ஆள் என்றால், மேலதிக வேலைக்குச் சம்மதம் சொல்லும் வாய் ஒன்றாக இருக்க வேண்டும். அக்காவிடம் வைபரில் ஒரு பேச்சு, என்னிடம் இன்னொரு பேச்சு என்று ஒருவர் செய்தபோது ஒரே பீலிக்கு இரண்டு முறை காசு போனது.

படம் கேட்டால் மூன்று நேரத்தில், ஒரே இடத்தில் நின்று எடுத்ததாகக் கேளுங்கள்: கொத்த முன், கொத்திய பின், பூசிய பின். அளவு நாடாவும் படத்தில் தெரிய வேண்டும். பெயின்ற் அடித்த சுவரின் படம் மட்டும் வந்தால் அது வாழ்த்து அட்டை.

13. முடிந்த அன்றும், முதல் மழையிலும்

கடைசிக்கு முந்திய பங்கைக் கொடுக்க முன், மேசன் நிற்கும்போதே ஹோஸைப் பிடியுங்கள். சுவரின் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போங்கள், ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் முழுவதும் நனைத்துக்கொண்டு வரும், எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. பீலியின் ஒரு முனையில் வாளித் தண்ணீர் ஊற்றி மறுமுனைக்கு ஓடுகிறதா, நடுவில் தேங்குகிறதா பாருங்கள். மொட்டைமாடி என்றால் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே வந்து அண்ணாந்து பாருங்கள்.

பூசிய இடங்களை மறுபடி தட்டுங்கள். பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகக் கோடு இழுங்கள். மிஞ்சிய ஓடு, பெயின்ற், அதன் நிற இலக்கம் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். ஒட்டுப் போட வேண்டி வரும்போது அதே நிறம் கிடைக்காது.

ஐப்பசியில் முதல் பெருமழை இரவுதான் மற்றப் பாதி. ரோர்ச்சோடு எழும்பி, தையில் நீங்கள் எழுதிய இடங்களை மட்டும் பாருங்கள். காய்ந்திருந்தால் விடிய மேசனுக்குக் கோல் எடுத்து, "தம்பி, வந்து மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போங்கோ" என்று சொல்லுங்கள். ஈரம் இருந்தால் படம் எடுத்து அதே இரவில் அனுப்புங்கள். காலையில் மழை விட்டதும் ஏணியோடு வந்து நிற்பார். நிறுத்தி வைத்த காசு அவருக்கும் ஞாபகம் இருக்கும்.